மூன்று பேரும் ஒரு கிராமமும்: ஆர்மா 3 பழகும் வழி

ஆர்மா 3 என்ற போர் கேமை முதன்முதலாகத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரை நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு குண்டு வருகிறது. சுட்டது யார், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஐந்தாறு தடவை இப்படி ஆனதும் "இது நமக்கு ஒத்துவராது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள்.

கை வேகம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்கிற ஆட்டம் அல்ல இது. முதலில் பார்க்க வேண்டும், பிறகு கூட இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும், சுடுவது அதற்கும் பிறகு. இந்த அத்தியாயத்தின் வரிசையும் அதுவே. நான்கைந்து மாலைகள் ஒதுக்குங்கள். முடிவில், கணினி இயக்கும் மூன்று வீரர்களை நடத்திச் சென்று ஒரு கடலோரக் கிராமத்தை நீங்களே பிடித்திருப்பீர்கள்.

தெரிந்திருக்க வேண்டியது, சுருக்கமாக

செக் நாட்டு பிராகாவில் இயங்கும் போஹிமியா இன்டராக்டிவ் 2001இல் 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்' கேமை உருவாக்கியது. பிறகு அந்தப் பெயர் வெளியீட்டு நிறுவனத்திடம் தங்கிவிட்டது. உருவாக்கியவர்கள் 2006இல் 'ஆர்மா' என்று புதுப்பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். 2009இல் இரண்டாம் பாகம், 2013 செப்டம்பர் 12இல் மூன்றாம் பாகம். கதை நடப்பது 2035இல், ஈஜியன் கடலில் உள்ள இரண்டு கற்பனைத் தீவுகளில். பெரிய தீவான ஆல்டிஸ் சுமார் 270 சதுர கிலோமீட்டர். சின்னதான ஸ்ட்ராட்டிஸ் சுமார் 20. ஆல்டிஸுக்கு அசல் கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவு. 2012 செப்டம்பரில் அந்தத் தீவுக்குப் போன இந்த நிறுவனத்தின் ஊழியர் இருவர், ராணுவ இடங்களைப் படமெடுத்ததாகக் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தீவின் பெயர் ஆல்டிஸ் ஆனது.

பப்ஜி ஆடியவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம். பப்ஜியின் படைப்பாளரான பிரெண்டன் கிரீன் தன் 'பேட்டில் ராயல்' யோசனையை முதலில் செய்து பார்த்தது ஆர்மாவின் மாட்களில், அதாவது ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களில்தான். ஆனால் பப்ஜி பழக்கத்தோடு இங்கே வராதீர்கள். அங்கே சரியாக இருந்த துள்ளலும் குதித்தலும் இங்கே உயிரை வாங்கும். குதிப்பதற்கென்று ஒரு கீ கூட இங்கே கிடையாது.

வாங்கும்போது

அடிப்படை கேமை மட்டும் ஸ்டீமில் வாங்குங்கள். கூடுதல் பொதிகள் எதுவும் இந்த அத்தியாயத்துக்குத் தேவையில்லை. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணி நேரத்தில் கதைக்குள் போகாமல், உங்கள் கணினி இதைத் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் மாலை: அமைப்பு

1. வீடியோ அமைப்பில் பார்வைத் தூரத்தை 2000 மீட்டருக்கும், பொருள்களின் தூரத்தை 1500க்கும் இறக்குங்கள். இந்த கேம் கிராஃபிக்ஸ் கார்டைவிட பிராசஸரைத்தான் அதிகம் பிழியும். படம் திக்கித் திக்கி ஓடினால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது. இழைநயம், நிழல் எல்லாம் பிறகு.

2. கேம் அமைப்பில் தலை அசைவு என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓடும்போது திரை ஆடுவதால் பலருக்குக் குமட்டல் வருகிறது. அது பழகப் பழகச் சரியாகும் என்று பல்லைக் கடிக்க வேண்டாம்.

3. கடின நிலையை 'ரெக்ரூட்' என்று வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. கீ அமைப்பை மாற்றாதீர்கள். பட்டியலைப் பார்த்ததும் மாற்றத் தோன்றும், அவ்வளவு நீளம். இங்கே சொல்வதெல்லாம் கேமோடு வரும் அமைப்புக்கே.

5. முதன்மை மெனுவில் உள்ள விஆர் பயிற்சிகளில் காலாட்படைப் பகுதியை மட்டும் முடியுங்கள். 2014 ஜூலையில் இலவசமாகச் சேர்த்த பகுதி இது. அதற்கு முன் வாங்கியவர்கள் தட்டுத்தடுமாறித்தான் கற்றார்கள்.

இரண்டாம் மாலை: நடை, குனிவு, சூடு

களத்தை நாமே அமைத்துக்கொள்ள கேமோடு வரும் எடிட்டரைத் திறந்து ஸ்ட்ராட்டிஸைத் தேர்ந்தெடுங்கள். வெட்டவெளியில் உங்களுக்காக ஒரு நேட்டோ வீரரை வைத்து ஓட்டத்தைத் தொடங்குங்கள். எதிரி வேண்டாம்.

1. நிற்கும் நிலையிலிருந்து குனிய 'எக்ஸ்', படுக்க 'இசட்'. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 'டபிள்யூ' அல்லது 'எஸ்' அழுத்தினால் இரண்டு நிலைகளுக்கும் நடுவே உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குட்டைச் சுவருக்குப் பின்னால் தலையும் துப்பாக்கியும் மட்டும் தெரிகிற உயரம் எது என்று தேடிப் பிடியுங்கள். இதைப் பழகுவதற்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள்.

2. ஆல்டைப் பிடித்துக்கொண்டு மௌஸை அசைத்தால் உடல் ஒரு பக்கம் போக, தலை மட்டும் திரும்பும். நடக்கும்போதெல்லாம் இப்படி இருபுறமும் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் நான் உயிரோடு தப்பிய தடவைகளில் பாதி இந்த ஒரு கீயால்.

3. ஷிஃப்டோடு நூறு மீட்டர் ஓடிவிட்டு உடனே குறி பாருங்கள். முனை எப்படி ஆடுகிறது? இப்போது குனிந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து மறுபடி பாருங்கள். ஓடி வந்த கையோடு சுடுவது எவ்வளவு வீண் என்று கண்ணாலேயே தெரியும்.

4. மௌஸின் வலது பொத்தானைப் பிடித்தபடி வைத்திருந்தால் மூச்சை அடக்குவீர்கள். சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். மூச்சு முட்டினால் ஆட்டம் கூடும்.

5. சுவர் விளிம்பு, மணல் மூட்டை, ஜன்னல் கட்டை எதன் அருகே துப்பாக்கி வந்தாலும் அதன்மேல் தாங்கல் விழும். திரையில் ஆயுதக் குறியீட்டின் அருகே சிறு அடையாளம் தோன்றும். அப்போது 'சி' அழுத்தினால் துப்பாக்கி அங்கேயே ஊன்றிக்கொள்ளும்.

குண்டு இங்கே கோடு போட்டதுபோல் போகாது. தூரம் கூடக் கூட இறங்கும், இலக்கைத் தொட நேரமும் எடுக்கும். பேஜ் அப், பேஜ் டவுன் கீகளால் காட்சியைத் தூரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் இந்தக் கணக்கை விட்டுவிட்டு 300 மீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டால் போதும்.

*குறிப்பு:* ஒலியும் இங்கே நிதானமாகத்தான் வரும். மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணுவோமே, அதே கணக்கு: தூரத்தில் சூட்டின் பளிச்சிடல் தெரிந்ததிலிருந்து வெடிச்சத்தம் கேட்க ஒரு விநாடி ஆனால் ஏறக்குறைய 340 மீட்டர். உங்களை நோக்கி வரும் குண்டு முதலில் காதருகே சாட்டைபோல் சொடுக்கும். சுட்ட ஓசை பின்னால் வரும். திசை தெரிய அந்தச் சொடுக்கை நம்பாதீர்கள், பின்னால் வரும் ஓசையைக் கவனியுங்கள்.

மூன்றாம் மாலை: ஆணை இடுதல்

பலர் தாண்டிப் போகும் பகுதி இது. தாண்டிவிட்டு, "என் ஆட்கள் முட்டாள்கள்" என்று புலம்புவார்கள். ஆட்கள் முட்டாள்கள்தான். ஆனால் அவர்களுக்கு என்ன சொன்னோம் என்று திரும்பிப் பார்த்தால் பாதித் தவறு நம்முடையதாக இருக்கும்.

எடிட்டரின் வலப்பக்கப் பட்டியலில் குழுக்கள் என்ற பகுதிக்குப் போய், நேட்டோ காலாட்படையிலிருந்து நால்வர் கொண்ட 'ஃபயர் டீம்' ஒன்றை வையுங்கள். தலைவர்மீது வலது சொடுக்கு வைத்து அவரை ஆட்டக்காரராக்குங்கள். மற்ற மூவர் உங்கள் ஆட்கள்.

1. எஃப்2, எஃப்3, எஃப்4 கீகள் தனித்தனி ஆளைத் தேர்ந்தெடுக்கும். எண் 1க்கு இடப்புறம் உள்ள கீ அனைவரையும் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தது கீழே உள்ள பட்டையில் தெரியும். ஆணைக்கு முன் அந்தப் பட்டையைப் பாருங்கள். யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று பார்க்காமல் இடும் ஆணைகள்தான் வம்பை இழுக்கும்.

2. தேர்ந்தெடுத்த பிறகு எண் கீகள் மெனுவைத் திறக்கும். 1 நகர்வு, 2 இலக்கு, 3 மோதல், 4 வண்டியில் ஏறுதல், 5 நிலை, 6 செயல், 7 எச்சரிக்கை நிலை, 8 அணிவகுப்பு, 9 குழுப் பிரிப்பு. மனப்பாடம் வேண்டாம், திரையிலேயே எழுதியிருக்கும். முதல் நாள் 1, 3, 7, 9 போதும்.

3. 'எம்' அழுத்தி வரைபடத்தைத் திறங்கள். எஃப்2ஐத் தேர்ந்து, வரைபடத்தில் ஓரிடத்தில் சொடுக்குங்கள். அவர் அங்கே போவார். கண்ணால் காட்டி அனுப்பினால் சில சமயம் பக்கத்துப் புதருக்குப் போய்விடுவார். வரைபடத்தில் இந்தக் குழப்பம் இல்லை.

4. திரும்பக் கூப்பிட: தேர்ந்தெடுத்து 1, மறுபடி 1. அணிக்குத் திரும்பு என்று அர்த்தம். வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த இரட்டை ஒன்று நிற்கட்டும்.

5. மோதல் மெனுவில் 'சுடாதே' என்ற ஆணையைக் கண்டுபிடித்து இட்டுப் பாருங்கள். பிறகு 'சுடு' என்று மாற்றுங்கள். கண் மூடினாலும் கை போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

6. 9 வழியே ஒருவரைச் சிவப்புக் குழுவிலும் இருவரைப் பச்சைக் குழுவிலும் போடுங்கள். இனி ஷிஃப்டோடு எஃப்1 அழுத்தினால் சிவப்பு, எஃப்2 அழுத்தினால் பச்சை மொத்தமாகத் தேர்ந்துவிடும்.

ஐந்தாம் படியை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதன் விலை எனக்குத் தெரியும். ஒருமுறை அரை மணி நேரம் தவழ்ந்து ஒரு ஊரின் பின்புறம் வந்து சேர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. 'சுடாதே' சொல்ல மறந்திருந்தேன். என்னுடைய இயந்திரத் துப்பாக்கிக்காரர் 400 மீட்டரில் யாரோ ஒருவன் சட்டையைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாகச் சரம் விட்டார். ஊரே எழுந்துகொண்டது.

எச்சரிக்கை நிலை பற்றி ஒரு சொல். போர் நிலையில் இருக்கும் ஆட்கள் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு, மறைவு தேடித் தேடி மெல்லத்தான் நகர்வார்கள். "வா என்றால் வரமாட்டேன் என்கிறார்களே" என்று தோன்றினால் 7ஐத் திறந்து விழிப்பு நிலைக்கு இறக்குங்கள், பிறகு கூப்பிடுங்கள். எதிரி பக்கத்தில் இருந்தால் அவர்களாகவே மறுபடி போர் நிலைக்கு ஏறிவிடுவார்கள். அதைத் தடுக்க முயலாதீர்கள்.

நான்காம் மாலை: கிராமத்தை அமைத்தல்

ஸ்ட்ராட்டிஸின் ஒரே பெரிய ஊர் அகியா மரினா. முன்னால் கடல், பின்னால் ஏறுமேடு. பயிற்சிக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கும். இப்போதுள்ள முப்பரிமாண எடிட்டர் 2016இல் வந்தது. அதற்கு முன் எல்லாவற்றையும் தட்டை வரைபடத்தில்தான் வைக்க வேண்டும். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

1. ஊருக்குப் பின்னால், மேட்டில், முதல் வீட்டிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி உங்கள் நால்வரை வையுங்கள்.

2. எதிரிகளான சிவப்புப் பக்கத்தின் பட்டியலிலிருந்து இருவர் கொண்ட காவல் குழுக்கள் இரண்டை ஊருக்குள் வையுங்கள். மொத்தம் நான்கு எதிரிகள். பத்து வேண்டும் என்று கை துடிக்கும். வேண்டாம்.

3. ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டோடு வலது சொடுக்கால் தெருவில் மூன்று நான்கு இடங்களில் வழிப்புள்ளி வையுங்கள். கடைசிப் புள்ளியின் வகையைச் 'சுழற்சி' என்று மாற்றினால் அவர்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு குழு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

4. சூழல் அமைப்பில் நேரத்தைக் காலை 7 மணி, வானத்தைத் தெளிவு என்று வையுங்கள். மேட்டிலிருந்து மேற்கே இறங்கும்போது சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். மாலை வெயிலில் கடலைப் பார்த்துக்கொண்டு எதிரியைத் தேடுவது கண்ணுக்கு வேதனை.

5. சேமியுங்கள். சேமிக்காமல் ஓட்டிப் பார்க்கிறவர்கள் மின்வெட்டு வரும் அன்றுதான் திருந்துகிறார்கள்.

கிராமத்துக்குள்

1. தொடங்கியதும் அனைவரையும் தேர்ந்து 'சுடாதே' சொல்லுங்கள். மூன்றாம் மாலையில் செய்ததுபோல் 9 வழியே சிவப்பு, பச்சைக் குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். பிறகு குனியுங்கள்.

2. இருநோக்கியை எடுத்து ஐந்து நிமிடம் ஊரைப் பாருங்கள். நகராதீர்கள். சுற்றும் இருவர் எங்கே திரும்புகிறார்கள், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். 'டி' (T) அழுத்திக் கண்ட எதிரியை உங்கள் ஆட்களுக்கும் தெரிவிக்கலாம். சலிப்பாக இருக்கும்; ஆட்டத்தில் பாதி இதுதான்.

3. பச்சைக் குழுவை, அதாவது இயந்திரத் துப்பாக்கிக்காரர் இருக்கும் இருவரை, ஊரைப் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு மறைவுக்கு வரைபடம் வழியே அனுப்புங்கள். அவர்கள் போய்ச் சேரும்வரை நீங்கள் அசையக் கூடாது.

4. நீங்களும் சிவப்பும் வேறு பக்கமாக இறங்குங்கள். இரண்டு குழுக்களும் ஊரைப் பார்த்துச் சுடும் கோடுகளுக்கு நடுவே செங்கோணத்துக்கு நெருக்கமான கோணம் இருந்தால் நல்லது. எதிரெதிராக மட்டும் நிற்காதீர்கள்; ஒருவர் குண்டு மற்றவரைத் தேடி வரும்.

5. காவலர்கள் தெருவின் திறந்த பகுதிக்கு வந்ததும் பச்சைக்குச் 'சுடு' சொல்லுங்கள். அந்தக் கணமே நீங்கள் நகருங்கள். எதிரிகள் பச்சையைப் பார்த்துத் திரும்பியிருக்கும் அந்த அரை நிமிடம்தான் உங்களுடையது.

6. முதல் சுவரை அடைந்ததும் நில்லுங்கள். மூச்சு. குனிந்து, விளிம்பில் 'க்யூ' அல்லது 'ஈ' கொண்டு சாய்ந்து பாருங்கள். இப்போது நீங்கள் சுட, பச்சை முன்னேறட்டும். ஒரு குழு சுடும், மற்றது நகரும். இரண்டும் ஒரே சமயத்தில் நகரக் கூடாது.

7. எதிரிக் குழு ஒன்றில் ஒருவன் உங்களைப் பார்த்துவிட்டால் அவனோடு இருப்பவனுக்கும் தெரிந்துவிடும். பார்த்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால் அதே இடத்தில் மறுபடி தலை காட்டாதீர்கள். இருபது மீட்டராவது மாறுங்கள்.

8. காயம்பட்டவருக்கு அருகே போய், மௌஸ் சக்கர மெனுவில் வரும் முதலுதவியைக் கொடுங்கள். முதலுதவிப் பை ஓரளவுதான் தேற்றும். முழுதாகத் தேற்ற மருத்துவ வீரர் வேண்டும். சண்டை ஓயாமல் தெருவில் விழுந்தவரிடம் ஓடாதீர்கள். அவரைச் சுட்டவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

முதல் முறை தோற்பீர்கள். மூன்றாவது முறை இருவரை இழந்து ஜெயிப்பீர்கள். யாரையும் இழக்காமல் முடித்த பிறகு எதிரிகளை ஆறாக்குங்கள், ஒரு காவலரை மாடியில் வையுங்கள். இதே ஊரிலேயே ஒரு மாதம் ஓட்டலாம்; கதையைத் தொடங்க அவசரமே இல்லை.

அடிக்கடி நேரும் தவறுகள்

சொந்தப் பக்கத்தைச் சுடுவது. ஒருமுறை மன்னிக்கும், தொடர்ந்தால் உங்கள் பக்கத்தாரே உங்களை எதிரியாகக் கணக்கில் வைத்துச் சுடுவார்கள். தொப்பியின் வடிவத்தைப் பார்த்துப் பழகுங்கள், சட்டை நிறத்தை நம்பாதீர்கள்.

'ஜி' கீ. கையெறி குண்டு அதில்தான். பக்கத்து கீயை அழுத்தப் போய் விரல் பட்டுவிட்டால் குண்டு காலடியில் விழும். மற்றவர்களோடு ஆடும்போது, எல்லோரும் கூடி நிற்கும் முகாமில் நானே இதைச் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து முகாமில் நிற்கும்போது கையெறி குண்டுகளைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவது என் வழக்கம்.

இரண்டு தோட்டா சுட்டதும் 'ஆர்'. நீங்கள் மாற்றிய மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டா பையிலேயே இருக்கும்; மற்ற கேம்களைப்போல் எல்லாம் ஒன்றாகக் கூடி நிரம்பாது. நடுச் சண்டையில் பாதி காலியான மேகசின் கைக்கு வந்தால் குற்றம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

கணினி வீரரை வண்டி ஓட்ட விடுவது. பாலத்திலும் குறுகிய தெருவிலும் அவர் படும் பாடு சொல்லி மாளாது. நீங்கள் ஓட்டுங்கள், துப்பாக்கியை அவரிடம் கொடுங்கள்.

நிறையச் சுமப்பது. ராக்கெட், இரண்டு பை, கூடுதல் துப்பாக்கி எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கும், குறி ஆடும்.

நீண்ட நடையில் பொறுமை இழந்து நேர்வழியில் ஓடுவது. தனியாக ஆடும்போது '=' கீ நேரத்தை நான்கு மடங்குவரை வேகமாக்கும், '-' மெதுவாக்கும். சுற்றுவழி போங்கள், நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முதல் சத்தம் கேட்டதும் இயல்புக்குத் திரும்ப விரல் '-' மேலேயே இருக்கட்டும்.

பாதுகாப்பு

மாட்களை ஸ்டீம் வொர்க்‌ஷாப்பிலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடத்தில் "இலவசம்" என்று கிடைக்கும் கோப்புகளைத் தொடாதீர்கள். ஒரே நாளில் இருபது மாட் போடுவதும் வேண்டாம். ஒன்றைப் போட்டு, கேம் ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்ததைப் போடுங்கள். ஓடாமல் நின்றால் எது காரணம் என்று அப்போதுதான் தெரியும்.

பொது சர்வர்களில் குரல் உரையாடல் திறந்திருக்கும். பதின்வயதுப் பிள்ளைகள் ஆடும் வீட்டில் தொடக்கத்தில் அதை அணைத்துவையுங்கள். உண்மைப் பெயர், ஊர், பள்ளி எதையும் அங்கே சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கேம் ரத்தமும் சாவும் காட்டும். சிறு பிள்ளைகளுக்கு உரியதல்ல.

மடிக்கணினியை மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். காற்றுத் துளை அடைபட்டு, சூடு ஏறி, கேம் தானாக மந்தமாகும். இருநோக்கியில் தொலைவையே வெறித்துப் பார்க்கும் ஆட்டம் என்பதால் கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து பகிர நினைத்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆர்மா 3 காட்சிகளை உண்மைப் போர்க் காட்சிகள் என்று சொல்லிப் பரப்புவது பலமுறை நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் போஹிமியாவே அதுபற்றி அறிக்கை விட்டது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி, இது கேம் காட்சி என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அதோடு கேமின் பெயரைச் சொல்லுங்கள், திரையில் தெரியும் எழுத்துகளையும் ஆயுதக் குறிகளையும் மறைக்காதீர்கள், தலைப்பில் நடப்புப் போர் எதன் பெயரையும் ஒட்டாதீர்கள். இரவுக் காட்சியாக இருந்தால், குறிப்பாக விமான எதிர்ப்புத் துப்பாக்கி சுடுவதாக இருந்தால், காணொளியின் மூலையில் 'ஆர்மா 3' என்று முழு நேரமும் தெரியும்படி போட்டுவிடுங்கள். தலைப்பை யாரும் வெட்டிவிடலாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வெட்டுவது அவ்வளவு எளிதல்ல.